ரவைக்கூடு சிக்கிக்கொண்டால்: போர்முனைக் கைவைத்தியங்கள், அறிகுறிவாரியாக

நம் போர்க்கதைகளில் துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்கிறது; ஏன் சிக்கியது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. கதாநாயகன் தப்ப வேண்டிய இடத்தில் எதிரியின் துப்பாக்கி சிக்கும், அவன் சாக வேண்டிய இடத்தில் அவனுடையது சிக்கும். திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத்தளத்தின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 9ஆம் திகதியை வைத்துப் பாடசாலை நாடகம் எழுதும் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். "சேர், சிப்பாய் சுடப் போகிறான், துப்பாக்கி வேலை செய்யவில்லை, அவன் என்ன செய்வான்?" என்று கேட்கிறார்கள். "எந்தத் துப்பாக்கி? எப்படி வேலை செய்யவில்லை?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கி சிக்கும் விதம் வேறு, ஸ்டென் என்ற சிறு இயந்திரத் துப்பாக்கி சிக்கும் விதம் வேறு, 303 ரைபிள் சிக்கும் விதம் வேறு.

எனவே இந்தக் குறிப்பு. பழைய சிப்பாய்களின் நினைவுகளை வாசிப்பவர்களுக்கும், உவர்மலை இராணுவ அருங்காட்சியகத்தில் ஆயுதங்களைப் பார்த்து "இது ஏன் இப்படி வளைந்திருக்கிறது, இதில் ஏன் நாடா சுற்றியிருக்கிறது" என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும். அறிகுறியைத் தேடிப் பிடியுங்கள். அதன் கீழே காரணமும், சிப்பாய்கள் செய்த கைவைத்தியமும், அது பலித்ததா என்பதும் இருக்கும். ஆயுதம் வைத்திருப்பவருக்கான பழுதுபார்க்கும் கையேடு அல்ல இது. அப்படி ஒன்று தேவைப்படும் நிலை நம் ஊருக்கு இனி வரவே வேண்டாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப்பாய்கள் எதையாவது குறைத்துச் செய்த வைத்தியங்கள் பெரும்பாலும் பலித்தன. எதையாவது கூட்டிச் செய்தவை பெரும்பாலும் ஒரு நோயைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தன. கீழே வரும் கதைகளில் இதற்கு விலக்கும் உண்டு.

ரவைக்கூடு, அதாவது மகசின், உள்ளே பார்த்தால் மிகவும் எளிய பொருள். ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு சுருள்வில். வில்லின் மேல் ரவைகளைத் தாங்கும் ஒரு தட்டு. பெட்டியின் வாயில் உள்நோக்கி வளைந்த இரண்டு உதடுகள். வில் தள்ளும், உதடு தடுக்கும். போல்ட், அதாவது துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடும் உருக்குத் துண்டு, பின்னால் போய்த் திரும்பி வரும்போது மேலே இருக்கும் ரவையை உதட்டின் அடியிலிருந்து உருவிக் குழலின் அறைக்குள் தள்ளும். இதில் கெட்டுப்போகக்கூடியவை மூன்றே: வில், உதடு, உள்ளே புகுந்த அழுக்கு. ஒரு முழுத் துப்பாக்கியில் மிகவும் மலிவான பாகம் இதுதான், மிக எளிதில் நசுங்குவதும் இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது: கோளாறு மகசினில்தானா?

சிக்கலுக்கெல்லாம் மகசினைப் பழி சொல்வது எல்லாப் படைகளிலும் இருந்த பழக்கம். பிரென் துப்பாக்கிக்காரனுக்குப் பிரிட்டிஷ் படை கற்றுக்கொடுத்த ஒழுங்கு இதைப் பிரித்தறியத்தான். துப்பாக்கி நின்றால் பிடியைப் பின்னால் இழு, மகசினைக் கழற்று, வேறு மகசினை மாட்டு, சுடு. மறுபடி ஓடினால் குற்றவாளி பழைய மகசின். சில ரவைகள் சுட்டு மறுபடி நின்றால் மகசினை விட்டுவிட வேண்டும். துப்பாக்கியை ஓட்டும் வெடிவாயு வரும் துவாரத்தில் புகைக்கரி படிந்திருக்கிறது, பெரிய துவாரத்துக்குத் திருப்ப வேண்டும். இருட்டில், தலைக்கு மேல் குண்டு பறக்கும்போது, யோசிக்காமல் கை தானாகச் செய்ய வேண்டும் என்பதற்காக இதை ஓயாமல் பழக்கினார்கள்.

தவறான நோயாளிக்கு வைத்தியம் பார்த்த பெருங்கதை வியட்நாமில் நடந்தது. எம்-16 ரைபிள் புதிதாகக் கொடுக்கப்பட்டபோது அமெரிக்கச் சிப்பாய்கள் கைகளில் அது நின்று நின்று போனது. மகசினை மாற்றினார்கள், ரவைகளைக் குறைத்தார்கள், நின்றது நின்றபடிதான். உண்மையில் சுட்டு முடிந்த வெற்றுக் கோது அறைக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. ரவையின் வெடிமருந்தை மாற்றியிருந்தார்கள். புதிய மருந்து அதிகக் கரி படிய வைத்தது, துப்பாக்கியின் வேகத்தையும் கூட்டியது. அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துப்பரவு செய்யும் கருவிகளும் போதிய அளவில் அனுப்பப்படவில்லை. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இச்சோர்டு துணைக்குழு விசாரித்துப் படைத்துறை நிர்வாகத்தைக் கடுமையாகக் குற்றம் சாட்டியது. அதுவரை சிப்பாய்கள் கண்ட வழி ஒன்றுதான்: துப்பரவுக் கம்பியைப் பூட்டி நீளமாக்கி, துப்பாக்கியின் பக்கத்தில் நாடாவால் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். கோது ஒட்டினால் குழலின் முன்பக்கம் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளுவது. அந்தக் காலப் படம் ஒன்றில் ரைபிளோடு கம்பி ஒட்டியிருந்தால், அந்தச் சிப்பாயின் தொல்லை மகசினில் இல்லை என்று முடிவு செய்யலாம்.

அறிகுறி: மகசின் நிறைந்திருக்கிறது, முதல் ரவையே ஏறவில்லை

போர்முனை வைத்தியங்களில் மிகப் பழையதும், செலவில்லாததும், நன்றாகப் பலித்ததும் இதற்கானதுதான்: குறைத்து நிரப்புவது. பிரென் மகசின் 30 ரவை கொள்ளும். பெரும்பாலும் 28 போட்டார்கள். எம்-16இன் முதல் மகசின் 20 கொள்ளும், 18 போட்டார்கள். ஸ்டென்னுக்கு 32 என்று கணக்கு. அனுபவம் உள்ளவன் முழுதாக நிரப்பவே மாட்டான்.

காரணம் எளிது. முழுதாக நிரப்பினால் வில் கடைசிவரை அமுங்கிப்போகிறது, அதற்கு மேல் இறங்க இடமில்லை. எம்-16 போன்றவற்றில் மூடிய போல்ட்டின் அடியில் அந்த மகசினை மாட்டும்போது மேல் ரவை சிறிதாவது கீழே அமிழ வேண்டும். அமிழ வழியில்லாததால் மகசின் கொக்கியில் சரியாக விழாது. விழுந்ததுபோலத் தெரியும், முதல் ரவை ஏறாது, அல்லது ஒரு வெடியோடு மகசின் நழுவும். போல்ட் உருவ வேண்டிய ரவையும் உதட்டில் அளவுக்கு மீறி இறுக்கமாக நிற்கும்.

ஸ்டென்னில் இது இரட்டிப்பாக இருந்தது. உள்ளே ரவைகள் இரண்டு நிரைகளாக ஏறி, வாய்க்கு அருகில் ஒற்றை நிரையாகக் குறுகும் அமைப்பு அது. ஜேர்மனியர்களின் சிறு இயந்திரத் துப்பாக்கி எம்.பி.40க்கும் அதே அமைப்பு, அதே நோய். இரண்டு வரிசை ஒன்றாகச் சேரும் அந்தக் கழுத்தில் கொஞ்சம் அழுக்கு போதும், உதடு கொஞ்சம் நசுங்கினால் போதும். விரலால் நிரப்புவது சிரமம் என்பதால் நெம்பி அழுத்தும் ஒரு சிறு கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். தொம்சன் துப்பாக்கியில் இரண்டு நிரையும் வாய்வரை இரண்டாகவே வரும். அது கனமும் விலையும் அதிகமான துப்பாக்கி என்றாலும், இந்த ஒரு விடயத்தில் ஸ்டென்னுக்கு அது பெரியண்ணன்.

இரண்டு ரவையைக் குறைப்பதால் என்ன இழப்பு என்று பாருங்கள். 30இல் 2. அந்த இரண்டுக்கு ஆசைப்பட்டு மற்ற 28ஐயும் சுட முடியாமல் போவது எந்தக் கணக்கிலும் இலாபமில்லை. மேலதிகாரிகள் எழுதி அனுப்பாமலே, சிப்பாய்க்குச் சிப்பாய் வாய்வழியாகப் பரவிய அறிவு இது. எந்தக் கருவியும் வேண்டாத திருத்தம் என்பதால் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

அறிகுறி: மேல் ரவை முன்னால் நகர்கிறது, பாதியில் நிற்கிறது, பின்பக்கம் எதிலோ மாட்டியிருக்கிறது

துப்பாக்கி 303 குடும்பம், அதாவது லீ-என்ஃபீல்ட் ரைபிள் அல்லது பிரென், என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். அந்த ரவையின் அடியில் கோதைவிட அகலமாக வெளியே நீட்டிய ஒரு விளிம்பு உண்டு. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் மேல் ரவையை முன்னே தள்ளும்போது அது கீழ் ரவையின் விளிம்பில் கொளுவி, அதையும் இழுத்துக்கொண்டு நிற்கும். பிரென் மகசின் வளைந்திருப்பதும் இந்த விளிம்பினால்தான்: அடிப்பக்கம் தடித்த ரவைகளை அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும்.

லீ-என்ஃபீல்ட் ரைபிளில் மகசின் கழலும் என்றாலும் சண்டையில் அதைக் கழற்றுவதில்லை. ஐந்து ரவைகள் செருகிய ஒரு தகட்டுப் பட்டியை மேலே வைத்து, பெருவிரலால் ஒரே அழுத்தாக உள்ளே தள்ளுவது வழக்கம். இரண்டு பட்டி தள்ளினால் பத்து நிறையும், போல்ட்டை மூடும்போது வெற்றுப் பட்டி தானாகத் தெறித்து விழும். அந்தப் பட்டியைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் விளிம்புகள் ஒரே ஒழுங்கில் இருக்காது: முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் ஒரு மட்டத்தில், இரண்டாவதும் நான்காவதும் மற்ற மட்டத்தில். எந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தாலும் ஒரே அமைப்புத்தான் வரும். இருட்டில் தலைகீழாக எடுத்தாலும் பிழைக்காது. இதை வடிவமைத்தவரின் மூளைக்கு நான் தொப்பி கழற்றுவேன்.

தொல்லை வந்தது, பட்டி இல்லாமல் உதிரி ரவைகளைக் கையால் போட்டபோது. அல்லது இயந்திரத் துப்பாக்கிக்கு வந்த ரவைகளை ரைபிள்காரர்கள் பிரித்தெடுத்து அவசரத்தில் பட்டியில் செருகியபோது. இதற்குச் சிப்பாய்கள் கண்ட திருத்தம் எதுவும் இல்லை, தேவையும் இல்லை. பொறுமையாக மறுபடி அடுக்குவதே வைத்தியம். பிரென்னில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பிரென் மகசினை ஒரு பிரிவில் இருந்த எல்லாரும் சுமந்தார்கள், எல்லாரும் நிரப்பினார்கள். நிரப்பியவன் ஒருவன், சிக்கலில் மாட்டியவன் இன்னொருவன். பிரென்காரன் தன் மகசின்களைத் தானே பிரித்து மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கும் காட்சியை நாடகத்தில் வைத்தால், அது வீண் காட்சியாக இராது.

அறிகுறி: முதல் பதினைந்து ரவை நன்றாகப் போகிறது, பிறகு வெறும் 'டக்'

வில் களைத்திருக்கிறது. மேலே உள்ள ரவைகள் போகும்போது வில் இன்னும் அமுங்கியே இருப்பதால் வலுவோடு தள்ளும். அடி நெருங்க நெருங்க அது தளர்ந்துவிடும். போல்ட் திரும்பி வருவதற்குள் அடுத்த ரவை உதட்டுக்கு வந்து சேரவில்லை, போல்ட் வெறுமையில் மூடிக்கொள்கிறது.

கைவைத்தியம்: வில்லை வெளியே எடுத்து இழுத்து நீட்டுவது. எல்லாக் காலத்திலும் எல்லாரும் செய்தது, எல்லாக் காலத்திலும் சில நாளைக்கே பலித்தது. ஒருமுறை மீறி இழுத்த உருக்கு இன்னும் விரைவாகத் தளரும்.

ஆனால் இந்த அறிகுறிக்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது, அது களைப்பினால் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் 7.62 மில்லிமீற்றர் ரவைக்கு மாறியது. சிப்பாயின் கைக்கு எஸ்.எல்.ஆர். ரைபிள் வந்தது, அதன் மகசின் 20 கொள்ளும், துப்பாக்கியின் அடியில் மாட்டப்படும். பழைய பிரென்னையும் வீசிவிடாமல் புதிய ரவைக்கு மாற்றி எல்4 என்று பெயரிட்டார்கள். அதன் மகசின் 30 கொள்ளும், பிரென் வழக்கப்படி மேலே மாட்டப்படும். இரண்டு மகசின்களும் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தும்படி இருந்தன. 20க்குப் பதில் 30 கிடைக்கிறதே என்று எந்தச் சிப்பாய்க்குத்தான் ஆசை வராது? 1982 போக்லண்ட் சண்டை வரைக்கும் எஸ்.எல்.ஆரில் முப்பது ரவை மகசினை மாட்டியவர்கள் இருந்தார்கள்.

எல்4 மகசின் அங்கே தடுமாறியது. துப்பாக்கியின் தலைமேல் உட்கார்ந்து ரவையைக் கீழே இறக்குவதற்காகச் செய்யப்பட்ட பெட்டி அது. அங்கே புவியீர்ப்பு உதவிக்கு இருப்பதால் வில் மென்மையாக இருந்தால் போதும். அதையே எஸ்.எல்.ஆரின் அடியில் தலைகீழாக மாட்டினால், அந்த மென்மையான வில் முப்பது ரவையின் பாரத்தையும் மேல்நோக்கித் தூக்க வேண்டும். சில துப்பாக்கிகளில் தூக்கியது, சிலவற்றில் தூக்கவில்லை. அதே காலத்தில் அவுஸ்திரேலியர்கள் தங்கள் எஸ்.எல்.ஆர். வகையில் ஒரு கனமான இயந்திரத் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள், எல்2. அதற்கும் 30 ரவை மகசின்தான், ஆனால் அடியிலிருந்து மேலே தள்ளுவதற்கென்றே செய்த வலுவான வில். வியட்நாமில் அவுஸ்திரேலியச் சிறப்புப் படையினர் இதைத் தங்கள் ரைபிளில் போட்டுக்கொண்டார்கள்; இது வேலை செய்தது.

கூட்டியது கெடுத்தது என்ற என் கட்சிக்கு எதிர்ச்சாட்சி இது. எண்ணிக்கை இரண்டிலும் முப்பது, வில் மட்டும் வேறு. ஆகையால் "மகசினை மாற்றினார்கள்" என்று நினைவுக்குறிப்பில் வாசித்தால், எந்த மகசின் என்று கேட்காமல் மேலே போகாதீர்கள்.

அறிகுறி: உள்ளே மணல், சேறு, உப்பு

நம் ஊரில் வெளியே விட்ட இரும்பு ஒரு மாரிக்குத் தாங்காது. வாடைக் காற்று நிலாவெளிப் பக்கத்திலிருந்து உப்பைக் கொண்டுவந்து கதவுக் கொண்டியில் பூசிவிட்டுப் போகும். மெல்லிய தகரத்துக்கும் சுருள்வில்லுக்கும் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே திருகோணமலையில் நடக்கும் கதையில் ஒரு துப்பாக்கி சிக்க வேண்டுமென்றால், துருவைக் காரணமாக்குங்கள். யாரும் மறுக்க முடியாது.

அழுக்கை அழைத்து உள்ளே விட்ட மகசின் ஒன்று வரலாற்றில் உண்டு. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை 1915இல் எடுத்துக்கொண்ட சோஷா இயந்திரத் துப்பாக்கிக்கு அரைவட்ட மகசின், 20 ரவை. எத்தனை மிச்சம் என்று பார்ப்பதற்காக அதன் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். பதுங்குகுழிச் சேற்றுக்கு வேறென்ன வேண்டும்? தகடும் மெல்லியது, எளிதில் நசுங்கும். சுடுபவர்கள் செய்தது பழைய வைத்தியம்தான்: குறைத்து நிரப்பினார்கள், நல்ல மகசின்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு கெட்டவற்றை வீசினார்கள்.

அதே போரில் ஜேர்மனியர்கள் மவுசர் ரைபிளின் ஐந்து ரவை போதாது என்று அடித்தகட்டைக் கழற்றி 20 ரவைப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். பிரிட்டிஷாரும் லீ-என்ஃபீல்டுக்கு 20 ரவைப் பெட்டி செய்து பார்த்தார்கள். இரண்டும் பரவவில்லை. நீண்ட பெட்டி படுத்துச் சுடும்போது மண்ணில் இடிக்கும், கனக்கும், அழுக்கைச் சேர்க்கும்.

துணி மட்டுமே உண்மையில் உதவியது. போல்ட்டின் மேல் பொத்தான் வைத்த கித்தான் உறை படையாலேயே கொடுக்கப்பட்டது; கிடைக்காதவர்கள் மணல்மூட்டைச் சாக்கையும் பழைய காலுறையையும் சுற்றினார்கள். இரண்டாம் போரில் கடல்வழி தரையிறங்கிய அமெரிக்கர்கள் ரைபிளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குழல்வாயில் ஆணுறையை மாட்டினார்கள். பாடசாலை நாடகத்துக்கு இந்தக் கடைசி விவரம் வேண்டாம், அதிபர் ஒப்ப மாட்டார்.

எண்ணெய் பற்றி ஒரு சொல். துருவுக்கு எண்ணெய் மருந்து, மணலுக்கு எண்ணெய் பசை. வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் சண்டை செய்தவர்கள் ஆயுதத்தைக் கிட்டத்தட்ட உலர்வாக வைத்துக்கொண்டார்கள். நம் கடற்கரையிலோ இரண்டு எதிரிகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தினமும் துடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அறிகுறி: மகசின் மாற்ற நேரமாகிறது

இது பழுது அல்ல, பயம். சுடுவது நின்ற அந்தச் சில நொடிகளில்தான் சிப்பாய்க்கு உயிர் தொண்டைக்கு வருகிறது. அதனால் கைவைத்தியங்களில் மிகப் பிரபலமானது இங்கேதான் பிறந்தது: இரண்டு மகசினைச் சேர்த்து நாடாவால் சுற்றுவது.

எண்பதுகளிலிருந்து இந்த ஊரில் வாழ்ந்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும்போது சிப்பாயின் முகத்தைப் பார்க்கத் துணியாத கண் அவன் ரி-56 ரைபிளில்தான் போய் நிற்கும். கறுப்பு இன்சுலேஷன் நாடா, சுற்றின் மேல் சுற்று, வெயிலில் பசை இளகி ஓரங்களில் வெளியே கசிந்திருக்கும். அந்தப் பசையில் தெருப்புழுதி ஒரு கோடாக ஒட்டியிருக்கும். ஒரு மகசின் துப்பாக்கிக்குள், மற்றது அதன் பக்கத்தில், பெரும்பாலும் தலைகீழாக.

அந்தத் தலைகீழ்தான் கோளாறு. ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. சிப்பாய் நிலத்தில் விழுந்து படுத்தவுடன் கீழே நோக்கிய மகசினின் வாய்தான் முதலில் மண்ணைத் தொடுகிறது. உதடு நசுங்குகிறது, மணல் புகுகிறது, மேல் ரவை பாதி வெளியே வந்துவிடுகிறது. முதல் மகசின் முடிந்து திருப்பி மாட்டும்போதுதான் இது தெரியவரும், அதாவது தெரியவே கூடாத நேரத்தில். துப்பாக்கியின் கனமும் ஒரு பக்கம் கூடிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் தொம்சனிலும் எம்1 கார்பைன் என்ற குட்டை ரைபிளிலும் இதையே செய்தார்கள். பலன் இருந்ததால்தான் பரவியது, அதை மறுக்க மாட்டேன். படைத்துறைத் தொழிற்சாலைகளும் பார்த்துப் பின்பற்றின: யுனைட்டட் டிஃபென்ஸ் எம்42 துப்பாக்கிக்குத் தொழிற்சாலையிலேயே இரண்டு மகசினை எதிரெதிர்த் திசையில் பொருத்தி அனுப்பினார்கள், போரின் கடைசிக் கட்டத்தில் கார்பைன் மகசின்கள் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிடி ஒன்றும் வந்தது. ஜேர்மனியர்கள் எம்.பி.40இல் இரண்டு மகசின் பக்கம் பக்கமாக நகரும் வகையொன்றைச் செய்தார்கள். எதிரே சோவியத் படையின் பி.பி.எஸ்.எச். துப்பாக்கியில் 71 ரவைப் பேரி, அதாவது முரசுபோல வட்டமான மகசின், இருந்ததே அதற்கு அவசரம். கனத்தாலும் நுணுக்கத்தாலும் ஜேர்மனியர்களின் இரட்டை மகசின் தோற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த 71 ரவைப் பேரியும் நிம்மதி தரவில்லை: ஒரு துப்பாக்கியின் பேரி இன்னொன்றில் பொருந்தும் என்று நம்ப முடியாது, நிரப்ப நேரம் எடுக்கும். சோவியத் படை 35 ரவைப் பெட்டிக்கு இறங்கி வந்தது. பிரிட்டிஷாரும் தொம்சனின் 50 ரவைப் பேரியைக் குலுங்கும் சத்தத்துக்காகவே வெறுத்து 20 ரவைப் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள்.

சரியான தீர்வு பிறகுதான் வந்தது, சிப்பாய்களின் நாடாவைப் பார்த்தே. இரண்டு வாயும் மேலே பார்க்கும்படி பக்கம் பக்கமாக வைத்து, நடுவே இடைவெளி விட்டு இணைப்பது. சுவிஸ் படையின் எஸ்.ஐ.ஜி. 550 ரைபிளில் மகசினின் பக்கங்களிலேயே குமிழ்கள் வார்த்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும், நாடா வேண்டாம். அருங்காட்சியகத்தில் ஒரு மகசினின் நடுவில் மட்டும் துரு இல்லாத ஒரு பட்டையும் அதன் இரு ஓரத்திலும் பழுப்புக் கறையும் இருந்தால், அங்கே நாடா சுற்றியிருந்தது என்று ஊகிக்கலாம். வாயின் உதடுகளையும் பாருங்கள். நசுங்கியிருந்தால் அது கீழ்நோக்கி இருந்த மகசினாக இருக்கலாம்.

அறிகுறி: மகசின் கழன்று விழுகிறது அல்லது ஆடுகிறது

ஸ்டென் என்றால் கையைப் பாருங்கள். அதன் மகசின் இடப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், பிடிப்பதற்கென்றே செய்ததுபோல. பிடித்தால் கொக்கி தேயும், கோணம் மாறும், ரவை ஏறாது. குழல் உறையைப் பிடிக்கும்படிதான் பயிற்சி. திரைப்படங்களில் மட்டும் எல்லாரும் மகசினையே பிடித்துச் சுடுகிறார்கள்.

தொலைந்து போகும் மகசின் பழைய பயம். லீ-என்ஃபீல்டுக்கு முந்திய லீ-மெட்ஃபோர்ட் ரைபிளில் மகசினை ஒரு சிறு சங்கிலி வளையத்தால் துப்பாக்கியோடு கட்டியே வைத்திருந்தார்கள்.

அறிகுறி: எத்தனை மிச்சம் என்று தெரியவில்லை

அடியில் கடைசியாக இருக்கும் ஓரிரு ரவைகளை ஒளிக்கோடு இழுக்கும் வகையாகப் போடுவது. அந்தக் கோடு பறந்தால் மகசின் முடிகிறது. எந்தப் பாகத்திலும் கைவைக்காத திருத்தம், அதனால் எனக்குப் பிடிக்கும். குறை என்னவென்றால், எதிரிக்கும் கண் இருக்கிறது.

அறிகுறி: மகசின் இருக்கிறது, எடுத்துச் செல்ல இடமில்லை

பிரிட்டிஷ் படையின் 1937 வகைப் பட்டியில் மார்புக்குக் கீழ் இருந்த இரண்டு பெரிய பைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ரைபிள்காரனின் பை ஏன் அவ்வளவு பெரிது என்றால், அவை பிரென் மகசினின் அளவுக்கு வெட்டியவை; அவனுக்குத் தேவையில்லாதது, பிரிவுக்குத் தேவையானது. எம்1 கார்பைன் வைத்திருந்த அமெரிக்கர்கள் இடுப்புப் பட்டியில் கோக்கக் கொடுத்த இரட்டைப் பையைத் துப்பாக்கியின் கட்டையிலேயே கோத்துவிட்டார்கள். பட்டிக்கென்று தைத்த வளையம் மரக்கட்டைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. 15 ரவை மகசின் இரண்டு எப்போதும் துப்பாக்கியோடேயே இருக்கும். படுக்கையிலிருந்து துள்ளியெழுந்து துப்பாக்கியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினாலும் ரவை கூடவே வரும். பார்த்தவர்கள் அது அதற்கென்றே செய்த பை என்று நம்பிவிட்டார்கள். கூட்டிச் செய்து கெடுக்காமல் போன வைத்தியங்களில் இதுவும் ஒன்று.

அறிகுறி: காணியில், கரையில், பழைய பதுங்குகுழியில் மகசின் ஒன்று கிடக்கிறது

இதற்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். எந்தப் போரில் விட்டுப்போனது என்று தூக்கிப் பார்க்காதீர்கள், துருவைச் சுரண்டாதீர்கள், உள்ளே ரவை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காதீர்கள். தகரம் தின்னப்பட்டாலும் ரவைக்குள் மருந்து உயிரோடு இருக்கலாம், ஒன்று கிடந்த இடத்தில் கண்ணிவெடியும் வேறு வெடிபொருளும் புதைந்திருக்கலாம். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வாருங்கள், இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொலிஸுக்குச் சொல்லுங்கள். 119 என்ற இலக்கம் போதும். வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைப்பது நினைவுச்சின்னம் சேர்ப்பதல்ல, சட்டப்படி குற்றம்.